கன்ட்ரோலும் எஃப்பும் சேர்ந்தால் என்டர்

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஓர் அறிக்கையில், என் கையெழுத்துக்கு மேலே, அவள் பெயரை ஏற்கெனவே ஒருமுறை எழுதியாகிவிட்டது. அது போதும்.

ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே, பாயான் பாருவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையில், மின்னணுச் சில்லுகளைச் சோதித்து அனுப்பும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். நான் சோதனைப் பிரிவின் குழுத் தலைவி. இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். அவள் டெக்னீஷியனாக வந்து சேர்ந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். நிபோங் திபாலிலிருந்து கம்பனி பஸ்ஸில் கடலுக்கு மேலே போகிற இரண்டாம் பாலத்தைக் கடந்து வருவாள். பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் அவள் முகம் அப்போதுதான் கழுவியது போலிருக்கும்.

முதல் நாள் ஒரு நாற்காலியைக் காட்டி, கணக்கு திறந்து கொடுத்து, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பட்டியல் வைத்த இடத்திலேயே கிடந்தது. அவள் ஏதோ ஒரு சின்னக் கோப்பைத் திறந்து வைத்து வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பிரிவில் எல்லா வேலையும் கருப்புத் திரையில்தான். மவுஸுக்கு அங்கே வேலை கிடையாது. கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினால் கணினி செய்யும். அந்தக் கட்டளையை வாங்கிச் செய்விக்கிற நிரலுக்கு ஷெல் என்று பெயர். எந்த விசைக்கு என்ன வேலை என்பதை அந்த ஷெல்லுக்கு நாமே சொல்லி வைக்கலாம். அதற்கென்று ஒரு கோப்பு உண்டு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் அது கண்ணிலேயே படாது. பத்து வருடம் அந்தத் திரைமுன் உட்கார்ந்திருந்தும் நான் அதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

"என்னம்மா, வேல ஆரம்பிக்கலையா?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சிட்டேன்க்கா. வாடக வீட்டுக்குப் போனா மொதல்ல அடுப்ப நமக்குத் தோதா நகத்தி வைக்க மாட்டமா? அதத்தான் செய்றேன்."

"மத்தவங்கள்லாம் இருக்கிற மாதிரியே வச்சுத்தானே வேல செய்றாங்க?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கிற மாதிரியேதான் இருக்கணும்னு யாரு சொன்னா?"

திமிர் என்று நினைத்தேன். இரண்டு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோப்பில் மொத்தம் ஒன்பது வரிகள். கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் என்டர். கன்ட்ரோலும் ஜியும் அழித்தல். கன்ட்ரோலும் எஸ்ஸும் இதற்கு முந்தைய கட்டளை. கன்ட்ரோலும் எக்ஸும் அழுத்திவிட்டு டியைத் தட்டினால், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டுகிற முழ நீளக் கட்டளை தானாகவே வந்து நிற்கும். எல்லாமே விசைப்பலகையின் இடது பாதிக்குள். வலது கையை மேசைமேல் சும்மா வைத்துக்கொண்டு இடது கையாலேயே முக்கால்வாசி வேலையை முடிப்பாள். நாங்கள் நாலு லாட், அதாவது நாலு தொகுதிச் சில்லுகள், சோதித்து முடிக்கிற நேரத்தில் அவள் ஐந்து முடித்திருப்பாள். அதையும் நான் திமிர்க் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

"யாரு சொன்னா?" என்று அவள் கேட்காத இடம் கிடையாது. கேன்டீனில் தட்டுகளுக்கு வலப்பக்கம் கரண்டிப் பெட்டி இருந்தது. இடப்பக்கம் வைக்கச் சொன்னாள். கேன்டீன் நடத்தும் மலாய் அக்கா நல்ல மனுஷி, மறுநாளே மாற்றி வைத்துவிட்டார். வலதுகைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். இவள் போய், "காக்" என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, "ரெண்டு பக்கமும் வைங்க. அவங்களுக்கும் கஷ்டம் இருக்குமில்ல?" என்று மலாயில் சொல்லிவிட்டு வந்தாள். இன்றைக்கும் எங்கள் கேன்டீனில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஏன் இரண்டு என்று இப்போது அங்கே யாருக்கும் தெரியாது.

ஒருமுறை பொறியாளர் ஒருவர், அவள் எழுந்து போயிருந்த நேரத்தில், அவளுடைய திரையில் உட்கார்ந்து எதையோ தட்டினார். பாதிக் கட்டளையில் ஓரெழுத்து முன்னே நகர வேண்டி, பழக்கத்தில் கன்ட்ரோலையும் எஃப்பையும் அழுத்தினார். அது அங்கே என்டர். பாதிக் கட்டளை அப்படியே ஓடிவிட்டது. பெரிய சேதம் ஒன்றுமில்லை, ஒரு தற்காலிகக் கோப்பு அழிந்தது, அவ்வளவுதான். ஆனால் மனிதர் பிரிவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அவள் கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று, முழுவதையும் கேட்டாள்.

"சார், என் செருப்ப நீங்க போட்டுக்கிட்டு கடிக்குதுன்னு என்னையே ஏசுனா எப்படி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழில் என்னிடம், "அவர் எடத்துல போய் நான் உக்கார்ந்தனாக்கா?" என்றாள்.

நான் சிரித்துச் சமாளித்தேன். சிரித்துச் சமாளிப்பதில் எனக்கு நல்ல பழக்கம். எங்கள் வீடு அப்படி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குமாஸ்தாக் குடும்பம். மூன்று தலைமுறையாக ஆபீஸ்களில் மேசை பிடித்து உட்கார்ந்தவர்கள். மேலே இருந்து ஒரு தாள் வந்தால் அதைக் கோப்பில் சேர்ப்போம், கேள்வி கேட்க மாட்டோம்.

அவள் கையைப் பற்றி எனக்குத் தெரியவந்ததும் எங்கள் வீட்டில்தான். சரஸ்வதி பூசைக்குப் பிரிவிலுள்ள நாலைந்து பெண்களை அழைத்திருந்தேன். வீடு ஜார்ஜ்டவுனில், பர்மா ரோட்டுக்குப் பின்பக்கச் சந்தில். அம்மா ஒவ்வொருவராகக் குங்குமம் கொடுத்து வந்தார். இவள் இடது கையை நீட்டினாள்.

"என்ன பிள்ளை, இடக்கையை நீட்டுறாய்?" என்றார் அம்மா. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முகம் மாறவில்லை. "வலது கையில வாங்குனா கீழ கொட்டிடும்மா. கொட்டுனா பரவாயில்லயா?"

அம்மா குங்குமச் சிமிழைக் கீழே வைத்தார். அவளுடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் எடுத்துத் திருப்பினார். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும்தான் அசைந்தன. மற்ற மூன்றும் மடங்காமல் நீட்டியபடி நின்றன. உள்ளங்கையின் குறுக்கே, பழைய தையலின் தழும்பு கயிறு போல ஓடியது.

"என்ன நடந்தது பிள்ளை?" என்று அம்மா கேட்டார்.

இரண்டு வருடமாக அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். ஒரு நாளும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"முந்தின கம்பனில ப்ரெஸ் மெஷின்மா," என்றாள். "கதவு தெறந்தா மெஷின் தானா நிக்கணும். அடிக்கடி நின்னா வேல தாமசமாகுதுன்னு அந்த சென்சர டேப் போட்டு ஒட்டி வச்சிருந்தாங்க. நான் ஒட்டல. நான் சேர்றதுக்கு முன்னாடியே ஒட்டியிருந்திச்சு. சிக்குனத எடுக்கக் கதவத் தெறந்து கைய விட்டேன். நிக்கல."

அம்மாவின் கைகள் அந்தக் கையை விடவில்லை.

"ரிப்போர்ட்ல என்னா எழுதுனாங்க தெரியுமாம்மா? ஓப்பரேட்டர் கவனக்குறைவு. டேப்ப பத்தி ஒரு எழுத்து இல்ல. அத எனக்குப் படிச்சிக் காட்டுனப்ப கட்டு கூட இன்னும் பிரிக்கல."

பிறகு சாதாரணமாகச் சிரித்தாள். "அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர் படிச்சேன். மெஷினுக்குள்ள கைய விடத் தேவயில்ல பாருங்க."

அம்மா குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் தானே வைத்துவிட்டார். அன்று அவள் போன பிறகு நான் அந்த ஒன்பது வரிகளையும் மனதுக்குள் மறுபடி படித்தேன். இடது பாதிக்குள் அடங்கிய ஒன்பது வரிகள். விரல் ஏன் மடங்கவில்லை என்று இந்தத் தொழிற்சாலையில் எவரும் கேட்க அவசியமே வராதபடி அவள் எழுதிவைத்த வரிகள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அடுத்த ஆண்டு தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தணிக்கைக்காக எல்லாப் பணியாளர்களின் கணக்குகளும் ஒரே அமைப்புக்கு மாற்றப்படும், சொந்த மாற்றங்கள் நீக்கப்படும், விதிவிலக்கு தேவைப்படுவோர் பட்டியலைக் குழுத் தலைவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். எனக்கு வந்தது புதன்கிழமை. படித்ததும் அவள் ஞாபகம் வந்தது. ஒரு பெயர், ஒரு காரணம், இரண்டு வரி எழுதினால் முடிந்திருக்கும். அதற்குள் வேறொரு மின்னஞ்சல் வந்தது, அதற்குப் பதில் எழுதினேன். பிறகு மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவதுகூடக் கொஞ்சம் பூசி மெழுகுவதுதான். விசையெல்லாம் ஒரு விஷயமா என்று மனதுக்குள் ஒரு ஓரத்தில் நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

திங்கட்கிழமை காலை, வாடிக்கையாளர் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மேனேஜர் டை கட்டியிருந்தார். அவள் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, என் ஃபைல காணோம்."

"ஸ்டாண்டர்ட் பண்ணிட்டாங்க லா. எல்லாருக்கும்தான்."

"திரும்ப எழுதலாம்னு பார்த்தா எழுத விடல. பூட்டியிருக்கு. யாரு பூட்டுனா?"

"தலைம ஆபீஸ்ல பண்ணது. இன்னிக்கி விருந்தாளிங்க வந்திருக்காங்க, இன்னிக்கி மட்டும் எப்படியாச்சும் சமாளி லா. நாளைக்கிப் பேசலாம்."

"சரிக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று முழுக்க வலது ஆள்காட்டி விரலால் என்டரைத் தேடித் தேடி அழுத்திக்கொண்டிருந்தாள். அந்த விரலும் கொஞ்ச நேரத்தில் வலிக்கத் தொடங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவுமில்லை.

மதியத்துக்கு முன் அது நடந்தது. அவள் திரையில் இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்றில் சூட்டில் வைத்துச் சோதிக்கும் ஒரு லாட் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் அவள் கட்டளை தட்டிக்கொண்டிருந்தாள். கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால் திரையில் எழுத்து வருவது நின்றுவிடும். எந்தக் காலத்திலோ யாருக்கோ தேவைப்பட்டது, இன்னும் அப்படியே இருக்கிறது. தன் கோப்பில் அதை அணைத்துவிட்டு, அந்த விசைகளுக்கு முந்தைய கட்டளையைக் கொண்டுவரும் வேலையைக் கொடுத்து வைத்திருந்தாள் அவள். மூன்று வருடம் ஒரு நாளைக்கு நூறு முறை அதை அழுத்திய கை, அன்றும் அழுத்தியது. அழுத்தியது சோதனை ஓடிய ஜன்னலில். வேறெந்த நாளாக இருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்று திரை நின்றது. திரையில் எழுத முடியாமல் சோதனை நிரலும் நின்றது.

அதே நேரத்தில் மேனேஜர் கதவருகே வந்து அவளைக் கூப்பிட்டார். சில கோப்புகளைக் கூட்ட அறைக்கு எடுத்து வரச் சொன்னார். அவள் திரையைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனாள். விருந்தாளிகளுக்கு இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று நாற்பது நிமிடம் அவளை அங்கேயே நிறுத்தினார்கள். நின்றுபோன திரையும் ஓடுகிற திரையும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். நானே அதைக் கடந்து இரண்டு முறை போனேன். சில்லுகள் இருக்க வேண்டிய நேரத்தைத் தாண்டிச் சூட்டில் கிடந்தன. லாட் முழுவதும் கழிவாயிற்று.

அவள் திரும்பி வந்ததும் ஒரே பார்வையில் புரிந்துகொண்டாள். கன்ட்ரோலையும் கியூவையும் அழுத்தினாள், எழுத்துகள் ஓடத் தொடங்கின. நேரத்தைப் பார்த்துப் பதிவேட்டில் தானே எழுதினாள்: இந்த விசையை அழுத்தியது நான், இத்தனை மணிக்கு. யாரும் கேட்கும் முன்பே எழுதினாள்.

அறிக்கை இரண்டு நாளில் தயாரானது. காரணம் என்ற கட்டத்தில், 'மனிதத் தவறு: டெக்னீஷியன் தவறான விசையை அழுத்தினார்' என்று இருந்தது. திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில், விசைப்பலகையைப் பயன்படுத்துவது குறித்து அவளுக்கு மறுபயிற்சி. கீழே குழுத் தலைவி கையெழுத்திட ஓர் இடம்.

மேனேஜர் நம் ஆள்தான். கூட்டங்களில் ஆங்கிலம், என்னிடம் தமிழ். "சைன் பண்ணுங்க, க்ளோஸ் பண்ணிடலாம். அவளுக்கு ஒண்ணும் ஆகாது, ட்ரெய்னிங்தானே," என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதுதான் இப்போதும் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

அவள் அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் முன் என்னிடம் வந்தாள்.

"படிச்சிட்டுத்தான் சைன் பண்ணீங்களாக்கா?"

"படிச்சேன்."

"அழுத்துனது நான்தான். நானே எழுதிக் குடுத்தேன். கீய மாத்துனது யாருன்னு அதுல இருக்கா?"

நான் மேசையிலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"டேப் ஒட்டுனது யாருன்னும் அன்னிக்கி இல்ல," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

தன் கோப்பைத் திரும்பக் கேட்க அவள் மனிதவளப் பிரிவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி மென்மையான குரலில் பேசினார். டாக்டர் கடிதமும் மாற்றுத்திறனாளி அட்டையும் கொண்டுவந்தால் அந்தக் கோப்பைத் திரும்பக் கொடுப்பதைப் பற்றிப் பரிசீலிக்கலாம் என்றார். இல்லாவிட்டால் அது 'சொந்த விருப்பம்' என்ற வகையில்தான் வரும்.

"அட்டை வாங்குறது கேவலம்னு நான் சொல்லல," என்றாள் அவள். "தேவப்பட்டவங்க வாங்கட்டும், நானும் ஒரு நாள் வாங்கலாம். ஆனா இங்க எல்லாரும் ஸ்கிரீன்ல பிள்ளைங்க படம், பூனை படம்னு வச்சிருக்காங்க. அதுக்கு யாருகிட்டயாச்சும் டாக்டர் லெட்டர் கேட்டீங்களா மிஸ்? ஒம்போது வரி. யாருக்கும் தொந்தரவு இல்லாத ஒம்போது வரி. அதுக்கு நான் என் கைய மேசை மேல வச்சிக் காட்டணுமா?"

அதிகாரி தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை.

மறுபயிற்சி நடந்தது. இரண்டு நாள். பயிற்சியாளர் அவளைவிட இளையவர், பாவம், அவருக்குக் கொடுத்ததை அவர் செய்தார். திரையில் ஒரு விசைப்பலகையின் படத்தைப் போட்டு, அம்புக்குறி விசைகள் இங்கே, என்டர் இங்கே என்று சுட்டிக் காட்டினார். எங்கள் பிரிவிலேயே வேகமாக வேலை செய்தவள், முன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாக நான் பார்த்தேன். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், போதும் நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த உரிமை எனக்கு இருந்தது.

மூன்று வாரம் கழித்து ராஜினாமா கொடுத்தாள். காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். நிரப்பியே ஆக வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

"நிரப்பியே ஆகணும்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள். வெறுமையாகவே வாங்கிக்கொண்டார்கள்.

அவள் போய் ஆறு மாதம் ஆகியிருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல். வேலையை வேகப்படுத்த எல்லாக் கணக்குகளிலும் புதிய சுருக்கவிசைகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன, அனைவரும் பயன்படுத்திப் பயன்பெறவும். திறந்து பார்த்தேன். கன்ட்ரோலும் எக்ஸும், பிறகு டி. அந்த முழ நீளக் கட்டளை தானாக வந்து நின்றது. அவள் எழுதிய எழுத்து அப்படியே, ஓரிடத்தில் அவள் விட்டிருந்த ஓர் உபரி இடைவெளி உட்பட. கணக்குகளை ஒன்றாக்கும்போது பழையதையெல்லாம் அள்ளி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பொறுக்கியிருக்கிறார்கள். ஒன்பதில் நாலு வரி. கம்பனிக்கு லாபம் தருகிற நாலு வரி. அவள் கைக்காக இருந்த ஐந்து வரியையும் விட்டுவிட்டார்கள். கீழே நன்றி என்று போட்டு ஒரு குழுவின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. எத்தனை தாமதம். வந்த கோபத்தில் யார்மீது எவ்வளவு என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பழைய புதன்கிழமை மின்னஞ்சலைத் தேடி எடுத்தேன். அது எனக்கு வந்ததையும், நான் படித்ததையும், படித்தும் அவள் பெயரை அனுப்பாததையும் வரிசையாக எழுதி, அந்த அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு நேராக அனுப்பினேன்.

மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். "முடிஞ்சி போன விஷயத்த ஏங்க கிளர்றீங்க? அவளே போய்ட்டா. உங்க பேருதானே கெடும்?"

"கெடட்டும் சார்," என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு முன்னால் உட்காராமல் பேசினேன்.

நாலு மாதம் இழுத்தார்கள். கடைசியில் திருத்திய அறிக்கை வந்தது. காரணம்: பணியாளருக்குத் தெரிவிக்காமல் விசை அமைப்பு மாற்றப்பட்டது, குழுத் தலைவி விதிவிலக்குக் கோரத் தவறினார். மறுபயிற்சி என்ற வரியை அடித்திருந்தார்கள். அச்சிட்டு எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன்.

ஜார்ஜ்டவுனில் பீச் ஸ்ட்ரீட்டில், பழைய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தாள். மரப்படி ஏறிப் போனபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எழுந்து வந்து, "பசியாறிட்டீங்களாக்கா?" என்று கேட்டு, தேநீர் வாங்கி வரச் சொன்னாள். அவள் மேசையில் விசைப்பலகை இடது ஓரமாக இருந்தது.

தாளைக் கொடுத்தேன். நிதானமாக முழுவதும் படித்தாள்.

"இதக் குடுக்கவா இந்த வெயில்ல வந்தீங்க?"

"ஆமாம்மா."

"நல்லா எழுதியிருக்காங்க." தாளை மடித்தாள். "ஃபைல தெறந்து விட்டாங்களா?"

"எந்த ஃபைல்?"

"எல்லாரோடதும்தான் லா. இன்னும் பூட்டித்தான் இருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு."

"அப்ப என் பேர மட்டும் கழுவியிருக்கீங்க. என் எடத்துல வர்ற அடுத்த பிள்ளைக்கி என்னா கை இருக்குமோ, யாருக்குத் தெரியும்?" மடித்த தாளை என்னிடமே நீட்டினாள். "இத நீங்களே வச்சிக்குங்க. எனக்கு இங்க ஒண்ணும் தேவப்படாது. அங்க பேசுறதுக்கு உங்களுக்குத் தேவப்படும்."

தேநீர் வந்தது. அவள் என் அம்மாவைப் பற்றி விசாரித்தாள். நான் பதில் சொன்னேன், குடித்தேன், கிளம்பினேன்.

படி இறங்கும்போது அவள்மீதே கோபம் வந்தது. நாலு மாதம் போராடி என் பெயரையே கெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன், நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே என்று முனகிக்கொண்டு ஜெட்டிப் படகுத்துறை வரை நடந்தேன். வெயிலில் கடல் கண்ணைக் கூசவைத்தது. ஃபெரி ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டு, மறுபடி ஏற்றிக்கொண்டு போயிற்று. நான் செய்த தப்பை நானே திருத்தியதற்கு அவளிடம் நன்றி எதிர்பார்த்து இரண்டு மாடி ஏறியிருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. இந்த முறை கோபம் சரியான இடத்துக்குப் போய் உட்கார்ந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்தக் கோப்பின் பூட்டைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன். ஆராயலாம் என்றார்கள். அதற்கடுத்த மாதமும் கேட்டேன். தணிக்கை முடியட்டும் என்றார்கள். எங்கள் கூட்டத்தில் பலரும் இருப்பார்கள், மலாய்க்காரர், சீனர், வெளிநாட்டிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர். கூட்டக் குறிப்பு எடுப்பவள் ஒரு மலாய்ப் பெண். நான் வாய் திறந்தாலே பலரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

போன மாதம் மூன்றாவது முறை. மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்கட்டும் என்று தமிழில் சொன்னார், முகத்தில் சிரிப்பு மாறாமல்: "உங்களுக்கென்னங்க? உங்க ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

நான் எழுந்து நின்றேன். அவர் சொன்னதை ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னேன். பிறகு மலாயிலும் சொன்னேன். இதைக் கூட்டக் குறிப்பில் அப்படியே எழுது, சொன்னவர் யார் என்பதையும் எழுது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அறையில் யாரும் கைப்பேசியைப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து எழுதத் தொடங்கினாள். அவள் முடிக்கும்வரை நான் உட்காரவில்லை.